பல்லுக்கு எட்டாத கேள்வி

பழைய முத்துமாலை கைக்கு வந்தால் ஒரு மணியைப் பல்லில் உரசிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். முத்தின் மேற்பரப்பு நுண்ணிய தகடுகளால் ஆனது, அதனால் நறநறக்கும். கண்ணாடி மணி வழுக்கும். அதைவிட நம்பகமான இடம் நூல் நுழையும் துளை. போலியில் அங்கேதான் பூச்சு பெயர்ந்து உள்ளிருக்கும் கண்ணாடி தெரியும். போலி முத்துக்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு: 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜாக்கன் என்ற ஜெபமாலைக் கைவினைஞர், ஆற்றுமீன் செதிலின் மினுமினுப்பைப் பிரித்தெடுத்து, உள்ளீடற்ற கண்ணாடி மணிக்குள் பூசி மெழுகை அடைத்தார்.

ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் பழைய நகையில் பல் சொல்வது பாதிப் பதில்தான். 1920களில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் போலி முத்தை ஒளிக்கவில்லை. அசலோடு கலந்து சரம் சரமாக அணிந்து, அதையே நாகரிகமாக்கினார். ஆகவே ஷனேல் மாலையில் கண்ணாடி மணி இருப்பது மோசடிக்குச் சான்றாகாது. கொக்கியையும் முத்திரையையும்தான் ஆராய வேண்டும். அசல் முத்துக்குத்தானே விலை நிற்கும் என்று மறுக்கலாம். 1917இல் கார்ட்டியே நகை நிறுவனம் நியூயார்க்கில் ஒரு மாளிகையையே 10 லட்சம் டாலர் மதிப்புள்ள இரட்டைச்சர முத்துமாலைக்குப் பெற்றது. ஆனால் பிறகு, சிப்பிக்குள் மனிதர் வளர்க்கும் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தது. 1957 ஏலத்தில் அதே மாலை 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரப் போலி மாலையோ 1996இல் 2,11,500 டாலருக்குப் போனது! சந்தையை நிறைத்த அந்த வளர்ப்பு முத்தும் பல்லில் நறநறக்கவே செய்யும். இயற்கை முத்திலிருந்து அதைப் பிரித்தறிய எக்ஸ்ரே வேண்டும்.