சில் மாதா

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால், றொசல்லயைக் கடந்து ஹட்டனுக்கு ஏறும் ரயிலில் மழித்த தலையும் காவி உடையுமாகச் சில பெண்களைக் காணலாம். அவர்களில் பலரைக் குறிக்கும் சொல் சில் மாதா. முழுப்பெயர் தசசில் மாதா.

‘தச’ என்றால் பத்து. ‘சில்’ என்பது பாளியின் ‘சீல’ சிங்களத்தில் குறுகிய வடிவம். நம் ‘சீலம்’ அதன் உடன்பிறப்பு. ‘மாதா’ தாய். பத்து ஒழுக்கங்களை ஏற்று வீட்டைத் துறந்தவர் என்பது பொருள். நண்பகலுக்குப் பின் உண்ணாமை, பொன்னும் பணமும் ஏற்காமை ஆகியவை அவற்றுள் அடங்கும். போயா நாளில் வெள்ளை உடுத்து ‘சில்’ அனுஷ்டிக்கும் இல்லறத்தாருக்கு எட்டே. அதுவும் அந்த ஒரு நாளைக்குத்தான்.

இலங்கையில் பௌத்தப் பெண் துறவிகளின் அமைப்பான பிக்குணி சங்கம் 11ஆம் நூற்றாண்டளவில் அற்றுப்போனது. துறவை நாடிய பெண்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. பர்மாவில் சீலம் ஏற்றுத் திரும்பிய கத்தரின் டி அல்விஸ் என்ற சுதர்மாசாரி, 1907இல் கண்டியில் இவர்களுக்கென ஆராமம் ஒன்றை நிறுவினார். 1996இல் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் சிலர் மீண்டும் பிக்குணிகளாயினர். ஆகவே இரு சொற்களும் ஒன்றல்ல: உபசம்பதை எனும் முழுத் துறவேற்பைப் பெற்றவர் பிக்குணி, பெறாதவர் சில் மாதா. மணிமேகலையின் துறவைப் போற்றும் நாம், இவர்களையும் உரிய பெயரால் மதிப்போடு அழைக்க வேண்டும்.