கம்பி அறுந்த வீடும் இருவகை மின்னோட்டமும்: நல்லூர், 1990–1995

தொழினுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் மேதைமை வரலாறாக எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. நேரோட்டத்தை ஆடலோட்டம் வென்றது என்பதை எடிசனைத் தெஸ்லா வென்ற கதையாகவே பலரும் கூறுவர். நல்லூரின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து இவ்விடயத்தை நோக்கும்போது வேறொரு சித்திரம் புலப்படுகின்றது.

வீட்டு மின்குமிழைப் பொறுத்தவரை இருவகை ஓட்டங்களும் ஒன்றே. ஒரே திசையிற் பாய்ந்தாலும் திசைமாறிப் பாய்ந்தாலும் இழை சூடேறி ஒளிரும். வேறுபாடு தூரத்திலேயே தொடங்குகின்றது. கம்பியில் வெப்பமாக விரயமாகும் வலு ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். எனவே தொலைவுக்கு அனுப்புகையில் ஓட்டத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்துதல் வேண்டும். அழுத்தத்தை எளிதில் உயர்த்தவும், வீட்டு வாயிலில் மீண்டும் தாழ்த்தவும் வல்லது நிலைமாற்றி. அதுவோ மாறும் ஓட்டத்தில் மட்டுமே இயங்கும். 1882இல் நியூயோர்க்கில் எடிசன் நிறுவிய நேரோட்ட நிலையம் அயலிலுள்ள தெருக்களைத் தாண்டி ஒளி வழங்க இயலாதிருந்தமைக்கு இதுவே காரணம்.

அதே 1882இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் டெப்ரே, மீஸ்பாக்கிலிருந்து மியூனிச் வரை 57 கிலோமீற்றர் தூரம் தந்திக் கம்பி வழியே மின்வலுவை அனுப்பிக் காட்டினார். மார்க்ஸ் இறப்பதற்குச் சில நாட்களின் முன், 1883இல், பேர்ண்ஸ்ரைனுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் இப்பரிசோதனையில் நகருக்கும் நாட்டுப்புறத்துக்குமிடையிலான முரண்பாடு நீங்குவதற்கான நெம்புகோலைக் கண்டார். டெப்ரே அனுப்பியது நேரோட்டம் என்பது சுவையானதொரு முரண். தூரத்தை உண்மையில் வென்றது, 1891இல் லௌஃபனிலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் சென்ற ஆடலோட்டமாகும். அவ்வெற்றியின் பயன் மூலதனத்தின் கைக்கே முதலிற் சென்றது. பெருநிலையம், நீண்ட கம்பி, மையத்தில் ஓர் ஆளி என்பதே அதன் அமைப்பு. கம்பியின் நுனியிலிருக்கும் வீடு ஒளியைப் பெற்றது. ஆளியின்மீது அதிகாரம் பெறவில்லை.

இலங்கையில் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் திட்டம் 1950இலேயே லக்சபானவிற் பயன் தந்தது. மலையகத்து ஆற்றுநீர் பின்னர் வடக்கே நீண்ட கம்பியினூடாகக் குடாநாட்டையும் எட்டிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு இருண்டது. எரிபொருளுக்குக் கடுங் கட்டுப்பாடு. உலர்மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியுமிட்ட ‘ஜாம் போத்தல் விளக்கு’ வீட்டுக்கு வெளிச்சமாயிற்று.

செய்திக்கு வானொலி வேண்டும். இவ்விடத்தே சைக்கிள் தைனமோ வீட்டு மின்னிலையமானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றினால், சில்லோடு உரசும் தைனமோ ஆறு வோல்ற்று வரை தரும். நான்கு மின்கலங்களில் இயங்கும் வானொலிக்கும் வேண்டியது அதே ஆறு வோல்ற்றுத்தான். ஆயினும் நேரடியாக இணைத்தலாகாது. பெயர் தைனமோவாயினும், காந்தம் சுருளுக்குள் சுழலும் இக்கருவி பிறப்பிப்பது ஆடலோட்டம், (கண்டிப்பாகப் பேசுவதாயின் அப்பெயர் நேரோட்டப் பிறப்பாக்கிக்கே உரியது.) வானொலியின் திரான்சிஸ்ரர்களோ ஒரே திசையோட்டத்தையே வேண்டுவன. பழுதடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து, இருதிசை ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தினர். ஏற்றவிறக்கத்தை ஒரு கொள்ளளவி தணித்தது. அது சிறிதாயின் தமிழோசையின் குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஒலிக்கும். சுழற்றும் கை தளர்ந்தாற் செய்தி தேயும். விரைந்தால் அழுத்தம் ஏறிக் கருவிக்கே கேடு. பாடசாலைப் பௌதிகம் பரீட்சைத்தாளை விட்டு விறாந்தைக்கு வந்தது.

இதனைத் ‘தன்னிறைவின் பொற்காலம்’ எனப் பாடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அங்கு ஒரு மணிநேரச் செய்தியின் விலை ஒரு மணிநேர உடலுழைப்பு. சுழற்றியவை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் கைகள். மேலும், இருள் எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. மணியோடர் பொருளாதாரத்தில் வளர்ந்த சமூகத்தில், வெளிநாட்டுப் பணம் வந்த வீடு கறுப்புச் சந்தை எரிபொருளில் இயந்திரத்தை இயக்கலாம். கூலியாளின் வீட்டில் போத்தல் விளக்கையும் நேரத்தோடு அணைக்கவே வேண்டும். ஏங்கெல்ஸ் நீங்குமென எதிர்பார்த்த முரண்பாடு, கம்பி அறுந்ததும் ஒரே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு வெளிப்பட்டது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நல்லூரின் வீடுகளும் வெறுமையாயின. சைக்கிள்கள் அன்று சுமை ஏற்றிச் செல்லும் தம் பழைய தொழிலுக்கே திரும்பின. 1996இன் பின் டீசல் இயந்திரங்களால் மின்சாரம் படிப்படியாக மீண்டது. 2013இல் சுன்னாகத்தில் 24 மெகாவாற்று ‘உத்துரு ஜனனி’ இயங்கத் தொடங்கியது. தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மீண்டும் இணைக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. இன்று கூரைமேல் சூரியத்தகடு பிறப்பிக்கும் நேரோட்டம் ஆடலோட்டமாக மாற்றப்பட்டுக் கம்பியிற் சேர்கின்றது. அதே வீட்டுக் கைத்தொலைபேசியின் மின்னேற்றி அதனை மறுபடியும் நேரோட்டமாக்குகின்றது. அதனுள்ளும் இருப்பவை அந்த இருவாயிகளே.