ஐ.பி. டிப்ளோமாவும் ஆறாம் படிவமும்: பல்கலைக்கழகத்திற்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது எது?

சுங்கை ஆயர் தாவார் – எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும் சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் பெற்றோர் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன?" மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், போலிடெக்னிக், தனியார் கல்லூரி என்று வழிகள் பல. அண்மைக் காலமாக அந்த வரிசையில் 'ஐ.பி. டிப்ளோமா' என்ற பெயரும் காதில் விழுகிறது. அது என்ன, அதனால் என்ன நன்மை, அது எட்டாத குடும்பத்துப் பிள்ளை அதே பயனை எங்கே பெறலாம் என்பதை அறிந்து முடிவெடுப்பது நல்லது.

பெயரில் ஒரு குழப்பம்

'டிப்ளோமா' என்றதும் போலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ படித்து வேலைக்குச் செல்லும் படிப்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஐ.பி. டிப்ளோமா அப்படிப்பட்டதல்ல. அது பல்கலைக்கழகத்திற்கு முந்திய கல்வி. நம் நாட்டு எஸ்.டி.பி.எம்., பிரிட்டனின் ஏ லெவல் ஆகியவற்றின் வரிசையில் வருவது. அதை முடித்தவர் அடுத்துப் பட்டப்படிப்பில் சேர வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் தேடுவது அதன் நோக்கமல்ல.

எப்படிப்பட்ட கல்வி?

ஐ.பி. எனப்படும் அனைத்துலகக் கல்வி அமைப்பு 1968ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் தொடங்கப்பட்டது. வேலை காரணமாக நாடு விட்டு நாடு மாறும் பெற்றோரின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேர ஒரு பொதுத் தகுதி தேவைப்பட்டது. அத்தேவையே இதன் தொடக்கம்.

இது 2 ஆண்டுப் படிப்பு. மாணவர் 6 பாடங்களை எடுக்க வேண்டும். மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, சமூகவியல், அறிவியல், கணிதம் ஆகிய பிரிவுகளிலிருந்து ஒவ்வொன்றும், ஆறாவதாகக் கலைப் பாடமோ வேறொரு பாடமோ அமையும். இவற்றுள் குறைந்தது 3 பாடங்கள் உயர்நிலையில் இருக்க வேண்டும். உயர்நிலைப் பாடத்திற்கு 240 மணி நேரமும் பொதுநிலைப் பாடத்திற்கு 150 மணி நேரமும் கற்பித்தல் பரிந்துரைக்கப்படுகிறது. அறிவியல் மாணவர் இலக்கியத்தை விட்டுவிட முடியாது; கலைப்பிரிவு மாணவர் கணிதத்தை ஒதுக்கிவிட முடியாது.

பாடங்களுக்கு அப்பால் மூன்று கட்டாயக் கூறுகள் உள்ளன. முதலாவது, மாணவரே தலைப்பைத் தேர்ந்து எழுதும் ஆய்வுக் கட்டுரை. அது 4,000 சொற்கள் வரை நீளலாம். இரண்டாவது, 'நாம் அறிந்தது உண்மை என்று எப்படி அறிகிறோம்?' என்று கேட்கவைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடம். மூன்றாவது, படைப்பாற்றல், உடலியக்கம், சமூகச் சேவை ஆகியவற்றில் தொடர்ச்சியான ஈடுபாடு.

ஒவ்வொரு பாடத்திற்கும் உச்சப் புள்ளி 7. கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டிற்கும் சேர்த்து 3 புள்ளிகள் வரை கிடைக்கும். ஆக மொத்தம் 45. டிப்ளோமா பெறக் குறைந்தது 24 புள்ளிகளும் வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

நன்மை எங்கே இருக்கிறது?

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலேயே தடுமாறும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் அறிவில் குறையிருப்பதில்லை. பத்துப் பக்கக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. நூலகத்தில் தானாகத் தேடிப் படித்ததில்லை. ஒரே வாரத்தில் மூன்று பணிகளை முடிக்க வேண்டிய நெருக்கடியைக் கண்டதில்லை. கடுமையான முன்கல்வி இந்த மூன்றையும் பதினெட்டு வயதுக்குள் பழக்கிவிடுகிறது. ஐ.பி.யின் முதன்மையான பயன் இதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உயர்நிலைப் பாடங்களில் நல்ல புள்ளி பெற்றவர்களுக்குப் பட்டப்படிப்பில் சில பாடங்களிலிருந்து விலக்கும் அளிக்கின்றன.

தாய்மொழியைப் பொறுத்தும் ஒரு நல்ல அம்சம் உண்டு. பள்ளியில் தம் மொழிக்கு ஆசிரியர் இல்லாத மாணவர், பள்ளியின் வழிகாட்டுதலோடு தாய்மொழி இலக்கியத்தைத் தாமே கற்றுத் தேர்வெழுதும் முறையை ஐ.பி. வைத்திருக்கிறது. தாய்மொழி உயர்கல்விக்குத் தடை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தடை என்ன?

மலேசியாவில் இப்படிப்பு பெரும்பாலும் தனியார் அனைத்துலகப் பள்ளிகளில்தான் கிடைக்கிறது. கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் ரிங்கிட். பந்திங் மாரா கல்லூரியிலும் ஐ.பி. டிப்ளோமா உண்டு, ஆனால், மாரா கல்லூரிகளின் இடங்கள் பெரும்பாலும் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. செம்பனைத் தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது எளிதில் எட்டாது. எட்டவில்லை என்பதற்காகக் கடன் வாங்கியோ காணியை விற்றோ சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கைக்கெட்டும் தூரத்தில் ஆறாம் படிவம்

ஐ.பி. தரும் பயிற்சிக்கு மிக நெருக்கமானது நம் அரசாங்கப் பள்ளிகளிலேயே உள்ளது. அதுதான் எஸ்.டி.பி.எம். அரசாங்கப் பள்ளி என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. 1980இல் அமைக்கப்பட்ட மலேசியத் தேர்வு மன்றம் 1982 முதல் இத்தேர்வை நடத்தி வருகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இதைச் சேர்க்கைத் தகுதியாக ஏற்கின்றன.

"எஸ்.டி.பி.எம். மிகக் கடினம்" என்ற அச்சம் இன்னும் அகலவில்லை. ஒன்றரை ஆண்டுப் படிப்பையும் ஒரே தேர்வில் எழுதிய காலத்தில் அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 2012 முதல் படிப்பு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பருவ முடிவிலும் தேர்வு நடக்கிறது. முதல் இரண்டு பருவத் தாள்களில் புள்ளி குறைந்தால் மீண்டும் எழுதி உயர்த்திக்கொள்ள வாய்ப்புண்டு. பள்ளி அளவிலான மதிப்பீடும் இறுதிப் புள்ளியில் சேர்கிறது. ஐ.பி.யின் ஆய்வுக் கட்டுரை தரும் பழக்கத்தை இந்தப் பணிகளும் ஓரளவு தருகின்றன, மாணவர் அவற்றைப் பார்த்தெழுதாமல் தாமே செய்தால்.

எஸ்.டி.பி.எம்.மில் தமிழ்மொழியும் ஒரு பாடம். அதைத் தொடர்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விப் பட்டப்படிப்பு போன்ற வழிகள் உள்ளன.

மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும். ஆனால், அங்கே பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பொதுவாக 10 விழுக்காட்டு இடங்களே ஒதுக்கப்படுகின்றன. எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அந்த அளவை எட்டாதவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால், அதை மட்டுமே நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• மெட்ரிகுலேஷன் பதில் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஆறாம் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு இடம் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம்.

• அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கல்விக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. விளையாட்டு, சங்கம், சீருடை இயக்கச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

• மூவெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசி நேரத்திற்குத் தள்ளிப்போட வேண்டாம். பல துறைகளில் சேர்க்கைக்கு அதன் நிலை பார்க்கப்படுகிறது.

• வாரம் ஒரு நூல், மாதம் ஒரு நீண்ட கட்டுரை என்று வீட்டிலேயே பழக்குங்கள். தமிழில் எழுதினாலும் அந்தப் பழக்கம் எல்லாப் பாடங்களுக்கும் கைகொடுக்கும்.

• தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் தொழிற்சாலை வேலைக்குச் செல்வது தவறில்லை. கையில் சம்பளம் பார்த்த பிறகு பள்ளிச் சீருடை அணிய மனம் வராமல் போவதுதான் ஆபத்து. வேலைக்கு அனுப்பும்போதே திரும்பும் நாளையும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

ஐ.பி. டிப்ளோமா நல்ல கல்வி என்பதில் ஐயமில்லை. அதன் சிறப்புக்குக் காரணம் பள்ளியின் பளிங்குத் தரையல்ல. மாணவரைச் சிந்திக்கவும் எழுதவும் உழைக்கவும் வைக்கும் முறை. அந்த உழைப்புக்குத் தயாராக உள்ள பிள்ளைக்கு, சபாக் பெர்ணத்திலிருந்து பேருந்தில் சென்று படிக்கும் ஆறாம் படிவமும் பல்கலைக்கழக வாசலுக்கே கொண்டு சேர்க்கும்.