தாமஸ் கப்பலில் போன வாத்தியார்கள்

1901 ஜூலை 23 அன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 'தாமஸ்' என்ற அமெரிக்க ராணுவக் கப்பல் புறப்பட்டது. வழக்கமாகச் சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் அந்தக் கப்பலில் அன்று ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆண்கள் வைக்கோல் தொப்பியும் பெண்கள் பூ வைத்த அகலத் தொப்பியும் அணிந்திருந்தார்கள். பேஸ்பால் மட்டை, டென்னிஸ் மட்டை, இசைக்கருவி, கேமரா என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. பலர் கல்லூரியையோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளியையோ முடித்துச் சில வருடங்களே ஆன இளைஞர்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. பட்டம் வாங்கிய கையோடு ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடக்கும் வழக்கத்தின் வரலாற்றில் இந்தப் பயணத்துக்கு முக்கியமான இடம் உண்டு. கப்பலின் பெயராலேயே பின்னாளில் அவர்கள் 'தாமசைட்டுகள்' என்று அழைக்கப்பட்டார்கள்.

ஸ்பெயினின் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸை 1898 பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. விடுதலையை எதிர்பார்த்திருந்த பிலிப்பைன்ஸ் மக்கள் 1899 பிப்ரவரியில் போரில் இறங்கினார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கச் சிப்பாய்கள் சில ஊர்களில் பள்ளிக்கூடம் திறந்து பாடம் நடத்தினார்கள். 1901 ஜனவரி 21 அன்று வந்த 74-ஆம் எண் சட்டம் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. முடிந்தவரை விரைவில் அரசுப் பள்ளிகளின் பாடமொழி ஆங்கிலமாக வேண்டும். அதற்காக அமெரிக்காவிலிருந்து 1000 ஆசிரியர்களைத் தருவித்துக்கொள்ளலாம். சம்பளம் மாதம் 75 முதல் 125 டாலர். வீட்டிலிருந்து மணிலா வரை வழிச்செலவு அரசாங்கத்துடையது. துப்பாக்கியால் பிடித்த நாட்டைப் புத்தகத்தால் தக்கவைக்கும் திட்டம் இது என்பதை மறைக்க முடியாது. போனவர்களில் பலர் மனமார நல்லது செய்யவே போனார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆள் எடுத்தவர் புதிய கல்வித்துறையின் தலைவர் ஃபிரெட் அட்கின்சன். கல்வித் தகுதி, கற்பித்த அனுபவம், உடல்நலம் எல்லாம் பார்த்தே தேர்வு நடந்தது. ஆனால் தேர்வானவர்கள் போகும் நாட்டைப் பற்றிப் படித்துக்கொள்ள ஏற்பாடு ஏதும் பெரிதாக இல்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது தெரியாததைக் கடலில் கழித்த ஒரு மாதத்தில் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? ஆகஸ்டு 21 அன்று கப்பல் மணிலா விரிகுடாவில் நங்கூரமிட்டது. தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்ட பிறகு 23-ஆம் தேதி கரையிறங்கினார்கள்.

மணிலாவிலிருந்து தீவு தீவாகப் பிரித்து அனுப்பப்பட்டபோதுதான் கஷ்டம் தெரிந்தது. ஸ்பானிஷ் தெரிந்தால் சமாளிக்கலாம் என்ற எண்ணம் கிராமத்தில் எடுபடவில்லை. ஸ்பானிஷ் வசதியான குடும்பங்களின் மொழி. மற்றவர்கள் பேசியது தகாலோக், இலோகானோ, செபுவானோ முதலான மொழிகள். டாலரில் பேசிய சம்பளம் மெக்சிகோ வெள்ளி நாணயமாகக் கைக்கு வந்தது, அதுவும் தாமதமாக. வெள்ளி விலை சரியச் சரியச் சம்பளமும் தேய்ந்தது. 1902-இல் காலரா பரவியது. நோயிலும் கொள்ளைக்காரர்கள் கையிலும் சில ஆசிரியர்கள் இறந்தார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை புத்தகப் பெட்டிக்குள் இருந்தது. அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதிய வாசிப்பு நூல்கள் அப்படியே வந்து இறங்கியிருந்தன. பனிப்பொழிவையும் ஆப்பிளையும் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அவற்றைப் பற்றிப் படித்தார்கள். இதைக் கூர்ந்து கவனித்து எழுதியவர் கார்ட்டர் ஜி. உட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துப் படித்த கறுப்பினத்தவர் அவர். 1903-இல் பட்டம் பெற்று அதே ஆண்டின் கடைசியில் ஆசிரியராகப் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தபடியே அஞ்சல் வழியில் ஸ்பானிஷ் படித்தார். பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியியல் கற்று வந்தவர்கள் தடுமாறியதையும், கல்வியியல் படிக்காத ஓர் இன்சூரன்ஸ்காரர் வென்றதையும் 1933-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். அந்த மனிதர் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் பொருள்களை வகுப்பில் கொண்டுவந்து நிரப்பினார். ஆப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டில் ஆப்பிளை எடுத்துவிட்டு 'லொம்பாய்' மரத்தை வைத்தார். லொம்பாய் வேறொன்றுமில்லை, நம் ஊர் நாவல் மரம்தான். நாவல் கிளையை உலுக்கிப் பழம் பொறுக்காத பிள்ளை அந்த ஊரில் ஏது? வார்த்தை அந்நியமானாலும் செய்கை பழகியது. பாட்டு உடனே பிடிபட்டது. வாஷிங்டன் கதைக்குப் பதிலாக, அவர்கள் நாட்டு நாயகரும் 1896-இல் ஸ்பானியர் சுட்டுக்கொன்றவருமான ஹொசே ரிசாலின் கதையை அவர் சொன்னார். வெளிநாட்டில் மொழி கற்பிக்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பாடம் கிடைப்பது அரிது.

போகப் போக மற்றவர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். தாமஸில் வந்து கபிஸ் என்ற ஊரில் வேலை பார்த்த மேரி ஃபீ, வேறு மூவருடன் சேர்ந்து எழுதிய பாடப்புத்தகம் 1907-இல் வந்தது. ராமோன், அதேலா என்று ஊர்ப் பெயர் கொண்ட பிள்ளைகள் அதில் இடம்பெற்றார்கள். பின்னர் கமிலோ ஓசியாஸ் என்ற பிலிப்பைன்ஸ் கல்வியாளரே தம் நாட்டுப் பிள்ளைகளுக்கென ஆங்கில வாசிப்பு நூல்களைத் தொகுத்தார். தாமஸ் வந்த சில நாள்களில், 1901 செப்டம்பரில், மணிலாவில் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி உள்ளூர் ஆசிரியர்களை வருடாவருடம் அனுப்பிக்கொண்டிருந்தது. வகுப்பறைகள் மெல்ல அவர்கள் கைக்கு மாறின. ஆனாலும் 1925-இல் அமெரிக்கக் கல்வியாளர் பால் மன்றோ தலைமையில் ஆராய்ந்த குழு, பிள்ளைகளின் ஆங்கிலம் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை என்று கண்டது. வீட்டில் யாரும் பேசாத மொழியில் எல்லாப் பாடத்தையும் படிக்கவேண்டியிருந்தது அவர்களுக்குப் பெருஞ்சுமை.

1946-இல் பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடானது. 1961-இல் தன்னார்வலர் அமைப்பான அமெரிக்க அமைதிப் படையின் இளம் பட்டதாரிகள் மறுபடி அங்கே வந்தார்கள். இம்முறை கிளம்புவதற்கு முன்பே பென்சில்வேனியாவில் பயிற்சி கொடுக்கப்பட்டது. பள்ளிகளில் அவர்களுக்குக் கிடைத்த வேலை, பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பாடத்திலும் அறிவியல் பாடத்திலும் உதவியாளராக இருப்பது.