பரணில் கிடக்கும் புரொஜெக்டர்

1905-ஆம் ஆண்டு. டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டி வந்தார். திருச்சியில் அவருக்கு உடல்நலம் கெட்டது. அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கியவர் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட். கூடாரம் போட்டுப் படம் காட்டத் தொடங்கிய அவர், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். ஒரு பழைய கருவி கைமாறியதால் விளைந்த வரலாறு இது!

அதன் பிறகு சினிமா வீட்டுக்குள்ளும் வந்தது. 1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. படச்சுருளைக் கொண்டுவந்தது. அதில் துளைகள் நடுவில் இருக்கும். 1923-இல் கோடக் 16 மி.மீ., 1932-இல் 8 மி.மீ., 1965-இல் சூப்பர் 8 என அடுத்தடுத்து வந்தன. வசதியானவர்கள் கல்யாணம், திருவிழா, குழந்தைகள் என்று படம் பிடித்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுப் பரணில் தாத்தாவின் புரொஜெக்டரும் நாலைந்து சுருள்களும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன செய்வோம்? பிளக்கைச் செருகிப் படத்தை ஓட்டுவோம். அதுதான் ஆபத்து!

வின்சென்ட் வாங்கியவை விற்பனைக்காகப் பல பிரதிகள் போடப்பட்ட படங்கள். வீட்டுப் படங்கள் அப்படியல்ல. பெரும்பாலும் அவை 'ரிவர்சல்' முறையில் எடுக்கப்பட்டவை. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவப்பட்டுத் திரையில் ஓடும். தனியாக நெகட்டிவ் கிடையாது. அது அறுந்தாலோ கருகினாலோ தாத்தாவின் கல்யாணம் போனது போனதுதான்.

ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது கருவியை அல்ல, சுருளை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அசிட்டேட் படம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். அந்தச் சுருளை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக்கூடாது. படம் சுருங்கியிருந்தால் அதன் துளைகள் கருவியின் பற்களில் சரியாகப் பொருந்தாமல் கிழியும். 1950-களின் தொடக்கம் வரை வந்த 35 மி.மீ. சுருள் என்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதை வீட்டில் ஓட்டவே கூடாது.

அடுத்துத்தான் கருவி. வயரின் உறை வெடித்திருக்கிறதா, ரப்பர் பெல்ட் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 110 வோல்ட் அமெரிக்கக் கருவியை நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் தேவை. எல்லாம் சரியென்றால் முதலில் படமில்லாமல் ஓட்டி, பிறகு தேவையற்ற ஒரு துண்டுப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஓடும்போது படம் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் அந்தக் காட்சி கருகிவிடும். எனவே வீட்டுச் சுருளை ஓட்டுவதற்கு முன் ஸ்கேன் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பலர் பார்த்த படத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு பிரதி உள்ள வீட்டுப் படத்தின் கதி என்ன?

கருவி கெட்டால் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கலாம். படம் கெட்டால்?