கிழங்கு வெந்த கப்பல் மணி

நெய்வேலியின் வரலாறு, இன்னதென்று அறியப்படாத ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் வெளிவந்த கரிய பொருள், பழுப்பு நிலக்கரி என்பது பின்னரே தெளிவாயிற்று. மண்ணிலிருந்து கிடைக்கும் துருவேறிய உலோகத் துண்டும் அத்தகையதே. அதனை இனங்காணும் நெறியை, அதே கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை போன்ற துறைகளில் மரக்கலம் செலுத்திய தமிழ் முஸ்லிம்களின் வெண்கல மணியொன்று நமக்குக் கற்பிக்கிறது.

1836 அளவில், நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த உலோகப் பாத்திரமொன்றைக் கிறிஸ்தவ ஊழியர் வில்லியம் கொலன்சோ கண்டார். புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்ததென்று அவர்கள் கூறினர். இரும்புப் பானையொன்றை ஈடாகக் கொடுத்து அவர் அதனைப் பெற்றார். பாத்திரமாகப் பயன்பட்ட அது, உண்மையில் உடைந்த மணியின் மேற்பகுதி. அதனைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்துக்கள் தமிழ் என்பது பின்னர் அறியப்பட்டது. 'முகையதீன் வக்குசு' என்னும் பெயரும், கப்பலின் மணி என்னும் குறிப்பும் அதில் உள்ளன.

'வக்குசு' என்பது 'கொடை' எனப் பொருள்படும் 'பக்ஷ்' என்ற பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். முற்பகுதி, பக்தாதில் அடங்கியுள்ள முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் திருப்பெயரை நினைவூட்டுவது. இது கப்பலுடையவரின் பெயராகவோ, கப்பலுக்கே இட்ட பெயராகவோ இருக்கலாம்.

ஆயினும் காலம் குறித்த கருத்துவேறுபாடு தீரவில்லை. மணி ஏறத்தாழ 500 ஆண்டுப் பழைமையுடையது என்றனர் சிலர். அதனினும் பிற்பட்டதென்றனர் வேறு சிலர். டாஸ்மன் 1642இலும் குக் 1769இலும் அத்தீவுகளை அடைந்தனர். அவர்களுக்கு முன்பே தமிழ்க் கப்பல் சென்றதென்று பெருமிதம் கொள்ள நம் உள்ளம் விழையும். ஆனால் மணி செய்யப்பட்ட காலம் வேறு, அது அக்கரையை அடைந்த காலம் வேறு. பிறர் கப்பலில் ஏறியும் அது சென்றிருக்கக்கூடும். எழுத்து, மணி யாருடையது என்பதைச் சொல்லிற்று. எப்போது வந்தது என்பதைச் சொல்ல வேண்டிய மண்ணடுக்கோ ஆய்வாளர் பார்க்கும் முன்பே கலைந்துவிட்டது.

ஆகவே, பழம்பொருளைக் கண்டெடுப்போர் அதனைத் தேய்த்து மெருகேற்றலாகாது. கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கப் பணிக்கிறது. வெலிங்டன் அருங்காட்சியகத்திற்குச் சேர்ந்துவிட்ட அம்மணி, நம் முன்னோரின் பெயரைக் காத்துத் தந்தது. அவர்களின் பயணத்தையும் காத்திருக்க வேண்டியது, அது கிடந்த மண்.