குரவையும் கும்மியும்: பூப்புச் சடங்கில் இசையும் ஆடலும்

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. உறையிட்ட பால் தோயவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீக்குறி கண்ட மாதரி, ஏறு வளர்த்து மணத்துக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள் எழுவரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகிறாள். ஒருத்திக்கு ஒரு சுரம். எழுவரும் கைகோத்தால்தான் பண் பிறக்கும். இதனை இசையிலக்கணச் சான்றாகவே அறிஞர் பெரிதும் எடுத்தாண்டனர். பருவத்தின் வாயிலில் நிற்கும் பெண்ணைப் பற்றிய செய்தியாகவும் கொள்ளலாம் என்பது என் கருத்து.

இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வாழும் பண்டா மக்கள், இளையோரை வளர்ந்தோராக ஏற்கும் சடங்குகளில் கொம்புக் குழுக்களை இசைப்பர். அவ்விசையைச் சிம்கா அரோம் என்னும் ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்து விரிவாக ஆராய்ந்தார். ஒரு கொம்புக்கு ஒரு சுரமே உண்டு. தன் முறை வரும்வரை காத்திருந்து ஊதுவதே அங்குப் பயிற்சி.

நம் கொங்குப் பகுதியில் இவ்வட்டம் கும்மியாக வாழ்ந்தது. பெண் பூப்பெய்தினால் தாய்மாமன் பச்சையோலையில் குச்சு கட்டுவார். நீராட்டு நாளில் சீர்த்தட்டுகள் வரும். முற்றத்தில் பெண்கள் கைகொட்டிச் சுற்றி வருவர். ஒருத்தி அடியெடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். மாமன் சீரைப் புகழும் பாட்டே அடுத்த அடியில் அவர் கஞ்சத்தனத்தைக் கேலி செய்யும். (மாமன் அதனைச் சிரித்து ஏற்றாக வேண்டும், அன்றொரு நாள் பெண்களுக்கு அவ்வுரிமை உண்டு.) எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் குச்சும் தீட்டும் நீராட்டும் பல சாதிகளுக்கும் பதிவாகியுள்ளன. பாட்டுக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை.

ஆயினும் சடங்கு முழுவதையும் ஏக்கத்தோடு போற்றுவது வரலாறாகாது. பெண்ணை ஒதுக்கிய குச்சும், அவளைச் சூழ்ந்து பாடிய கும்மியும் ஒரே சடங்கின் உறுப்புகள். பூப்பு விழா, பெண் மணத்துக்கு ஆயத்தம் என்னும் ஊரறிவிப்பாகவும் இருந்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆயிற்று. அறிவிப்பு பொருளிழந்த பின்னரும் குச்சு நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, தஞ்சை மாவட்டத்தில், பூப்பெய்தித் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி தென்னை சாய்ந்து உயிரிழந்தாள்.

பனியன் தொழில் வளர்ந்த திருப்பூரில் மாற்றம் வேறு வழியில் வந்தது. ஷிப்டு நேரம் தெருப்பெண்களை ஒரே பொழுதில் முற்றத்தில் கூடவிடவில்லை. பல மாவட்டங்களிலிருந்து வந்து அடுத்தடுத்த வீடுகளில் குடியேறியோருக்குப் பொதுவான மெட்டும் இல்லை. விழா ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கும், பாட்டு ஒலிபெருக்கிக்கும் போயின. பெண் மேடையில் அலங்கார நாற்காலியில் தனியே அமர்ந்திருக்கிறாள். மேடையும் ஒருவகைக் குச்சுதான்.

கும்மி அழிந்துவிடவில்லை. நெடுங்காலம் ஆடவர் கலையாக இருந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் பயிற்றிய கோவைப் பகுதிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. அங்குப் பாடப்பெறுவது வள்ளி மணம். முற்றத்துப் பூப்புக் கும்மியோ அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிப் பாட்டிமார் சிலரின் நினைவில்தான் உள்ளது. நம் வட்டத்துக் கவிஞர்கள் அதனைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மாமனைக் கேலி செய்யும் அடிகளைத் திருத்தாமலே எழுத வேண்டும்.